முன்பக்கம் சொன்னது, பின்பக்கம் உள்ளது

ஜூன் 4, புதன்

பிஸ்டன் கம்பெனிக்காரர்கள் வருஷா வருஷம் கடைக்குக் கொடுக்கும் டைரி இது. ஜனவரி ஒன்றாம் தேதி ஒரு பிள்ளையார் சுழி போட்டேன். அதற்குப் பிறகு இன்றைக்குத்தான் திறக்கிறேன். பிள்ளையார் கோபித்துக்கொண்டிருந்தால் நியாயம்தான்.

சேலம் ஆஸ்பத்திரி நர்ஸம்மா சொல்லி எழுதுகிறேன். "எத்தனை மணிக்கு சொட்டு மருந்து விட்டீங்கன்னு எழுதுங்க. சாயங்காலம் நாலு மணிக்கு இடது கண்ணை மூடிட்டு விரலைக் காட்டுங்க. நீங்க காட்டினது எத்தனை, பாப்பா சொன்னது எத்தனைன்னு எழுதுங்க. ஞாபகத்தை நம்பாதீங்க." என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குத் தெரிந்துவிட்டது போலிருக்கிறது.

பாப்பா என்றால் சுகிதா. ஒரே பெண், கல்லூரி இரண்டாம் வருஷம். வலது கண்ணில் விழித்திரை சுவர்ச் சுண்ணாம்பு மாதிரி உரிந்துவிட்டது. திங்கட்கிழமை ஆபரேஷன் செய்து உள்ளே ஒருவிதக் காற்றை நிரப்பியிருக்கிறார்கள். அந்தக் காற்றுக் குமிழிதான் திரையை அழுத்திப் பிடிக்க வேண்டுமாம். அதனால் பத்து நாள் அவள் குப்புறவே படுத்திருக்க வேண்டும். மணிக்குப் பத்து நிமிஷம்தான் நிமிரலாம். இடது கண்ணிலும் பலவீனமான இடம் இருந்ததால் லேசர் வைத்திருக்கிறார்கள். படிக்கக் கூடாது, போன் பார்க்கக் கூடாது, மலை ஏறக் கூடாது. நாமக்கல்லில் இருந்துகொண்டு கொல்லிமலைக்கு நான் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. அது ஒன்றை மட்டும் எங்கள் குடும்பம் ஒழுங்காகக் கடைப்பிடிக்கும்.

சனிக்கிழமை முதன்முதலாகப் போனபோது டாக்டர் கேட்டார். "கண்ணுல மின்னல் வெட்டுற மாதிரி எத்தனை நாளா இருக்கு?"

"ரெண்டு நாளுங்க" என்றேன் நான். சுகிதா ஒன்றும் பேசவில்லை.

வெளியே வந்து, "டீ குடிக்கலாமா சாமி?" என்றேன்.

"இது மூணாவது டீங்கப்பா."

மருந்து: 8, 12, 4, 8. விட்டாயிற்று. விரல்: தெரியவில்லை, வெளிச்சம் மட்டும்.

ஜூன் 6, வெள்ளி

மல்லிகா காலை ஆறரைக்கு முட்டை குடோனுக்குப் போய்விடுகிறாள். அங்கே அவள் சூப்பர்வைசர். ஒரு நாளைக்கு அவள் கண்முன் போகிற முட்டையை எண்ணினால் நமக்குத் தலை சுற்றும். வீட்டில் இரண்டு பேரும் லீவு போட முடியாது. எனவே நான்.

கட்டிலின் விளிம்பில் சுகிதா முகம் வெளியே தொங்குகிற மாதிரி படுத்திருக்கிறாள். அவள் பேசுவது தரையிடம். நான் தரையில் மல்லாந்து படுத்தால் முகம் தெரியும். ஐம்பத்திரண்டு வயதில், லாரிக்கு அடியில் மெக்கானிக் படுக்கிற மாதிரி, பெண்ணின் கட்டிலுக்கு அடியில் படுத்துக் காபி கொடுக்கிறேன். உறிஞ்சு குழாய் இல்லாவிட்டால் காபி என் மூக்கில்தான் விழும்.

இன்று அவள் ஒரு வேலை கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்று பேர் வீட்டுக்கு வந்து மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டுவார்கள். நாசிர், பவதாரணி, எட்வின். எட்டு மாதமாக நடக்கிறது. தாயம் மாதிரி ஏதோ என்று நினைத்திருந்தேன். இன்றுதான் விளக்கினாள். அது கதை விளையாட்டு. மூன்று பேரும் கதைக்குள் ஆளுக்கொரு ஆள். இவள் கதையை நடத்துகிறவள். எந்த ஊர், எதிரே யார், அவன் என்ன சொல்கிறான் எல்லாம் இவள் சொல்லுவாள். அவர்கள் என்ன செய்வதென்று அவர்கள் முடிவு செய்வார்கள். நடக்குமா நடக்காதா என்பதைப் பகடை சொல்லும்.

"அப்ப நீ டிரைவர். அவங்க பாசஞ்சர். எந்த ரோட்டுல போகலாம்னு பாசஞ்சர் சொல்றாங்க."

"அதேதாங்கப்பா. அதனால எல்லா ரோட்டுக்கும் என்கிட்ட மேப் இருக்கணும்."

எட்வினுக்கு ஓசூரில் வேலை கிடைத்துவிட்டது. இருபத்துநாலாம் தேதி போகிறான். இருபத்திரண்டாம் தேதி ஞாயிறன்று கதையை முடித்தாக வேண்டும். குறிப்புகளோ ஏழு நோட்டிலும் இரண்டு செருப்பு டப்பாவிலும் கிடக்கின்றன. அவளால் படிக்க முடியாது.

"நீங்க படிச்சு, அடுக்கி வச்சுத் தரீங்களா?"

பத்தாவதை இரண்டு முறை படித்தவன் நான். ஒரு முறை படித்தவர்களைவிட எனக்கு அனுபவம் அதிகம் என்றேன். தரையைப் பார்த்துச் சிரித்தாள். முதுகு குலுங்கியதில் தெரிந்தது.

விரல்: வெளிச்சம்.

ஜூன் 8, ஞாயிறு

டப்பாக்களைக் கொட்டினேன். பரீட்சைக் கேள்வித்தாளின் பின்பக்கம், பஸ் டிக்கெட், கல்யாணப் பத்திரிகையின் உள்பக்கம், எல்லாவற்றிலும் கதை. அட்டையில் வரைந்த வரைபடங்கள் ஒன்பது. பல நிறத்தில் பகடைகள். ஒன்றுக்கு இருபது முகம். ஒரு முகத்தைக் காப்பாற்றவே நான் படுகிற பாடு எனக்குத் தெரியும்.

கதை நடப்பது ஏழுமதகூர் என்கிற ஊரில். பெரிய ஏரி, சுற்றிலும் நூறடிச் சுவர், ஏழு மதகு. ஏழாவது மதகின் சாவி பொன்னான் என்கிற காவல்காரனிடம். ஏரிக்குள் எட்டிப் பார்க்க அவன் ஒருவனுக்குத்தான் உரிமை. மழை இல்லாத வருஷத்தில் மூன்று பேரும் அந்தச் சாவியைத் தேடிப் போகிறார்கள்.

காய்கறி நறுக்கிக்கொண்டே மல்லிகா கேட்டாள். "கண்ணுல மின்னுதுன்னு இவ உங்ககிட்ட எப்பச் சொன்னா?"

"ஆஸ்பத்திரிக்குப் போனதுக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமைதான்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ குடோன்ல இருந்தியே."

விரல்: ஏதோ அசைவது தெரிகிறது என்றாள்.

ஜூன் 10, செவ்வாய்

நேற்று சேலம் போய் வந்தோம். திரை ஒட்டியிருக்கிறது. பார்வை எவ்வளவு வரும் என்று இருபத்தைந்தாம் தேதி பார்த்துத்தான் சொல்வார்களாம். காரின் பின்சீட்டில் அவள் குனிந்தே வந்தாள். சுங்கச்சாவடியில் இருந்தவன், "பாப்பா வாந்தி எடுக்குதுங்களா?" என்று கேட்டுத் தண்ணீர் பாட்டில் கொடுத்தான். நல்ல மனுஷன்.

முதலாளி போன் செய்தார்.

"சென்டர் போல்ட் எங்கய்யா வச்ச?"

"மூணாவது ரேக்குங்க, கீழ இருந்து ரெண்டு, டால்டா டப்பா."

"டால்டா டப்பாவுல எவன்யா சென்டர் போல்ட்டு தேடுவான்?"

இருபத்திரண்டு வருஷமாக லாரி ஸ்பேர் கடையில் ஸ்டாக் பார்க்கிறேன். பாதிக் கடை என் தலைக்குள் இருக்கிறது. மகளைச் சொல்லிப் பயனில்லை. செருப்பு டப்பா வம்சம் நாங்கள்.

அதனால் கடை முறையிலேயே செய்கிறேன். ஒரு ஆளுக்கு ஒரு அட்டை, ஒரு இடத்துக்கு ஒரு அட்டை. அடிக்கடி வருகிறவர்கள் கைக்கெட்டும் டப்பாவில், அதாவது ஓடுற ஐட்டம். எப்போதாவது வருகிறவர்கள் அடுத்த டப்பாவில். செத்துப்போனவர்களுக்கு டெட் ஸ்டாக் என்று ஒரு டப்பா. சுகிதா மறுபடி குலுங்கினாள்.

இடுப்பு வலி.

ஜூன் 12, வியாழன்

குப்புறப் படுப்பது இன்றோடு முடிந்தது. இனி தலையைக் கொஞ்சம் குனிந்தபடி உட்காரலாம். எழுந்து உட்கார்ந்ததும் என்னைப் பார்த்து, "அப்பா, உங்களுக்கு இத்தனை நரை இருந்துச்சா?" என்றாள். இடது கண் நன்றாகத் தெரிகிறது என்று எடுத்துக்கொண்டேன்.

விரல்: இரண்டு என்றாள். நான் காட்டியதும் இரண்டுதான்.

ஜூன் 13, வெள்ளி

இன்று பெரிய வேலை. நோட்டுக்கு நோட்டு முரண்பாடு. இரண்டாம் நோட்டில், ஏரியில் பத்து ஆள் ஆழத்துக்குத் தண்ணீர். ஐந்தாம் நோட்டில், ஏரி வறண்டு பன்னிரண்டு வருஷம். ஒரு வரைபடத்தில் ஏழாவது மதகு கிழக்கே, இன்னொன்றில் மேற்கே. பாவம், எட்டு மாதம் எழுதியதில் குழம்பியிருக்கிறாள்.

கடையில் ஒரே சாமானுக்கு இரண்டு விலை இருந்தால் ஒன்று பழைய பட்டியல். பிந்தியதை வைத்துக்கொண்டு பழையதைக் கிழிப்போம். அப்படியே செய்தேன். பதினொரு தாளும் ஒரு வரைபடமும் வெந்நீர் அடுப்புக்குப் போயின. இப்போது பொன்னானுக்கு ஒரே அட்டை, அதில் ஒரே உண்மை. குளித்துவிட்டு வந்து பெருமையாக ஒரு டீ போட்டுக் குடித்தேன்.

விரல்: இரண்டு. சரி.

ஜூன் 15, ஞாயிறு

அட்டைகளை வாசித்துக் காட்டினேன். பொன்னான் அட்டை வந்ததும், "அவன் ஊர்க்காரங்ககிட்ட சொல்றது எங்கங்கப்பா?" என்றாள்.

"அது பழசு சாமி. தண்ணி இருக்குன்னு தப்பா எழுதியிருந்த. கிழிச்சுட்டேன்."



"தப்பு இல்லைங்கப்பா. அவன் பொய் சொல்றான். பன்னெண்டு வருஷமா ஏரியில தண்ணி இருக்குன்னு ஊரையே நம்ப வச்சிருக்கான். அதுதான் கதையே."

"அந்த இன்னொரு மேப்?"

"அவனே வரைஞ்சு குடுத்தது. யாரும் மதகுப் பக்கம் வந்துடக் கூடாதுன்னு."

அடுப்புச் சாம்பலைப் போய்ப் பார்த்தேன். எதற்குப் பார்த்தேன் என்று தெரியவில்லை. சாம்பல் சாம்பலாகத்தான் இருந்தது.

"அந்த மூணு பேரும் எட்டு மாசமா அவன் சொன்னதை ஒண்ணு விடாம எழுதி வச்சிருக்காங்க. நான் ஒரு வார்த்தை மாத்திச் சொன்னாக்கூடப் பிடிச்சுருவாங்க" என்றாள். அழவில்லை. ஆபரேஷன் செய்த கண்ணை வைத்துக்கொண்டு அழக் கூடாது என்று நினைத்தாளோ என்னவோ. அழுதிருந்தால் நான் ஏதாவது ஜோக் அடித்திருப்பேன்.

விரல்: மூன்று என்றாள். சரி என்று எழுதுகிறேன்.

ஜூன் 17, செவ்வாய்

இரண்டு நாளாக அவள் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். பெரும்பாலும் ஞாபகம் வைத்திருக்கிறாள். மறந்ததற்கு நாசிருக்குப் போன் போட்டு, "சும்மா கேக்குறேன், பொன்னான் அன்னைக்கு என்னடா சொன்னான்?" என்று நைசாகக் கேட்டு வாங்கினாள். போலி வரைபடத்தை அவள் சொன்னபடி நானே வரைந்தேன். என் ஏரி தோசை மாதிரி வந்தது. "பொன்னானும் உங்களை மாதிரிதான் வரைவான், விடுங்க" என்றாள்.

புது முறை கண்டுபிடித்தோம். அட்டையின் முன்பக்கம் அந்த ஆள் சொன்னது. பின்பக்கம் உள்ளது. இரண்டும் ஒரே அட்டையில் இருக்கும், எதையும் கிழிக்க வேண்டாம். கடைக்குக்கூட இது உதவும். முதலாளி சொல்வது ஒரு பக்கம், ஸ்டாக் ஒரு பக்கம்.

பொன்னான் அட்டையின் பின்பக்கம் ஒரு வரி காலி. 'ஏன் பொய் சொன்னான்?' அதை அவள் இன்னும் யோசிக்கவில்லையாம்.

ஜூன் 18, புதன்

ஆறாம் நோட்டின் கடைசியில் ஒட்டிக்கொண்டிருந்த ஒரு தாள் இன்று பிரிந்தது. அவள் தேதி போட்டு எழுதியிருக்கிறாள்.

'மே 22. இன்று வலது கண்ணில் மின்னல். ஓரத்தில் கறுப்பாகத் திரை மாதிரி. அப்பாவிடம் சொன்னேன். "இப்படிப் பகடை உருட்டினா கண்ணுலயும் ஏதாவது உருளத்தான் செய்யும்"னு சிரித்தார். பொன்னானுக்கு வைத்துக்கொள்ளலாம்: பயம் வந்தால் ஜோக் அடிப்பான். பெரிய பயம் என்றால் வா டீ குடிக்கலாம் என்பான்.'

இந்தத் தாளை எந்த டப்பாவில் வைப்பது என்று தெரியவில்லை. சட்டைப் பையில் வைத்திருக்கிறேன்.

மருந்து 4 மணிக்கு விட மறந்து 5க்கு விட்டேன்.

ஜூன் 19, வியாழன்

மருந்து விட்டேன். வேறொன்றும் எழுத இல்லை.

ஜூன் 21, சனி

மே 22இலிருந்து, முதன்முதலாக ஆஸ்பத்திரி போன மே 31 வரை எண்ணினால் ஒன்பது நாள். எப்படி எண்ணினாலும் ஒன்பது. டாக்டரிடம் நான் சொன்ன இரண்டு வரவில்லை.

விரல்: இரண்டு என்றாள். சரி.

ஜூன் 22, ஞாயிறு

மூன்று பேரும் பத்து மணிக்கே வந்துவிட்டார்கள். பவதாரணி சுகிதாவைக் கட்டிக்கொண்டு, "என்னடி, ஒரு மாசமாத் தரையையே பாத்துட்டு இருந்தியாமே, ஏதாவது கிடைச்சுதா?" என்றாள். நாசிர் என் டப்பாக்களைப் பார்த்துவிட்டு, "அங்கிள், இது கதையா, ஆர்டிஓ ஆபீஸா?" என்றான்.

அவள் குனிந்தபடி கதை சொன்னாள். கேட்கிற அட்டையை எடுத்து நான் காதோடு வாசித்தேன். டால்டா டப்பா மூளை முதன்முறையாக மரியாதை பெற்றது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஏழாவது மதகுக்கு வந்துவிட்டார்கள்.

சுகிதா என் பக்கம் திரும்பினாள். "எனக்குத் தொண்டை கட்டிருச்சு. பொன்னானை நீங்க பேசுங்கப்பா."

"நானா? எனக்கு என்ன தெரியும்?"

"உங்களுக்கு வரும்."

மூன்று பேரும் சுவர் மேல் ஏறி ஏரிக்குள் பார்த்துவிட்டார்கள். காய்ந்த சேறு. எட்வின் மேசையைத் தட்டினான். "யோவ் பொன்னான், பன்னெண்டு வருஷமா ஏன்யா பொய் சொன்ன?"

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "தம்பி, வெயில்ல வந்திருக்கீங்க, முதல்ல ஒரு டீ..." என்றேன். மூன்று பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சுகிதா சிரிக்கவில்லை.

"பகடை போடுறேன்" என்றான் எட்வின். "பதினஞ்சுக்கு மேல விழுந்தா அவர் உண்மையைச் சொல்லியே ஆகணும். அதானே சுகி?"

"ஆமா. ரூல் ரூல்தான்."

பகடை அப்பளத் தட்டில் மோதி நின்றது. பதினேழு.

அட்டையைத் திருப்பினேன். பின்பக்கம் அந்த வரி காலியாகவே இருந்தது. நான்கு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பளத்தை நகர்த்தி வைத்தேன்.

"முதல் நாள் பயத்துல சொன்னேன்" என்றேன். "தண்ணி குறையுதுன்னு ஒருத்தி வந்து சொன்னா. நான் சிரிச்சுட்டேன். அப்புறம் எட்டிப் பாத்தா நெஜமாவே இல்ல. அன்னைக்கே ஊரைக் கூட்டியிருந்தா ஏதாவது செஞ்சிருக்கலாம். என் சிரிப்பாலதான் போச்சுன்னு தெரிஞ்சிரும்னு தண்ணி இருக்குன்னேன். ரெண்டாம் நாள்ல இருந்து, முதல் நாள் சொன்னதைக் காப்பாத்தறதுக்காகவே சொன்னேன்."

பிறகு நாசிர், "அங்கிள், பின்னிட்டீங்க" என்றான்.

இதெல்லாம் பொன்னான் சொன்னது.

கதை எப்படி முடிந்தது என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. ஊரே வந்து ஏரியைத் தூர் வாரத் தொடங்கியதாக முடிந்தது. பொன்னான் கையிலும் ஒரு மண்வெட்டியைக் கொடுத்தார்கள்.

ஜூன் 24, செவ்வாய்

காலையில் எட்வினைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். வந்து அவள் முன்னால் உட்கார்ந்தேன்.

"இன்னும் ஒரு அட்டை இருக்குது. வாசிக்கட்டுமா?"

"வாசிங்க."

"முன்பக்கம். ரெண்டு நாளுங்க." திருப்பினேன். "பின்பக்கம். மே இருபத்திரண்டு. ஒன்பது நாள். சொன்ன பிள்ளையைப் பாத்துச் சிரிச்சேன்." அதற்கு மேல் அட்டையில் எழுதியிருந்ததை வாசிக்க முடியவில்லை. எழுத்து என்னுடையதுதான். இருந்தும் தெரியவில்லை.

அவள் கையை நீட்டினாள். எங்கே நீட்டுவதென்று தடுமாறி முதலில் தண்ணீர்ச் சொம்பில் இடித்து, பிறகு என் முழங்கையைப் பிடித்தாள்.

"நீங்க ரெண்டு நாள்னு சொன்னப்ப அதுக்குள்ள ரெண்டு டீ குடிச்சிருந்தீங்கப்பா, எவ்வளவு பயம்னு தெரிஞ்சுது. அதான் நான் பேசல. நானும் பேசியிருக்கணும்."

"கோவமா சாமி?"

"ரொம்பக் கோவம் இருந்துச்சு. குப்புறப் படுத்திருந்த பத்து நாளும். தரையைப் பாத்துட்டே உங்களைத் திட்டுவேன். நீங்க அங்கயே வந்து படுத்துக்கிட்டுக் காபி குடுப்பீங்க. எப்படித் திட்டறது?"

சாயங்காலம் மல்லிகாவிடமும் அட்டையின் இரண்டு பக்கத்தையும் சொன்னேன். அவள் அரிசி களைந்தாள். மூன்று தடவை களைகிற அரிசியை ஏழு தடவை களைந்தாள். பிறகு, "நாளைக்கு நானும் ஆஸ்பத்திரிக்கு வரேன்" என்றாள்.

ஜூன் 25, புதன்

டாக்டரிடம் தாளையும் டைரியையும் கொடுத்தேன். "நான் சொன்னது தப்புங்க. ஒன்பது நாள். இந்த டைரியில விரல் எழுதினதுலயும் தப்பு இருக்குதுங்க. பன்னெண்டாம் தேதில இருந்து அவ சொன்னதையே நான் காட்டினதாவும் எழுதியிருக்கேன்."

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் சௌகரியமாக இருந்திருக்கும். அவரே விரலைக் காட்டிப் பார்த்து, விளக்கு வைத்துப் பார்த்து, எழுதிக்கொண்டார்.

"வலது கண்ணுல இனி உருவம், அசைவு தெரியும். எழுத்து தெரியாதுன்னுதான் நினைக்கிறேன். முதல்லயே வந்திருந்தா இன்னும் கொஞ்சம் கிடைச்சிருக்கலாம். இடது கண்ணை இனி மாசம் ஒருதரம் பாக்கணும். அதுல ஒரு மின்னல் தெரிஞ்சாலும் அன்னைக்கே வரணும். சிரிச்சுட்டு இருக்கக் கூடாது."

சுகிதா, "இடது கண்ணால படிக்கலாங்களா சார்?" என்று கேட்டாள்.

"அடுத்த மாசத்துல இருந்து. பெரிய எழுத்தா இருந்தா நல்லது."

வெளியே வந்தோம். எதிரில் டீக்கடை. நான் வாயைத் திறக்கவில்லை. மல்லிகாதான், "டீ குடிக்கலாமா?" என்றாள். சுகிதா என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. மல்லிகாவுக்குப் புரியவில்லை. அவள் நிஜமாகவே தலைவலிக்குத்தான் டீ கேட்டாள்.

காரில் வரும்போது சட்டைப் பையிலிருந்த அட்டையைக் காட்டி, "இதை எந்த டப்பாவுல போடட்டும்?" என்று கேட்டேன்.

யோசித்தாள். "டெட் ஸ்டாக்குல போடுங்கப்பா."

டெட் ஸ்டாக்கை நாங்கள் தூக்கி எறிவதில்லை. வருஷத்துக்கு ஒருமுறை மேல் ரேக்கிலிருந்து இறக்கி, தூசி தட்டி, எண்ணிப் பார்த்துவிட்டுத் திரும்ப வைப்போம். அவளுக்கு இது தெரியும். லீவு நாளில் கடைக்கு வந்து எண்ணிக் கொடுத்திருக்கிறாள்.

நாளை மறுநாள் கடைக்குப் போக வேண்டும். அதற்குள் அட்டைகளைப் பெரிய எழுத்தில் எழுத ஆரம்பிக்கலாம். அடுத்த கதைக்குக் கடலாம். என்னைக் கடல் வரையச் சொல்லியிருக்கிறாள். தோசைக்கு அடுத்தது ஊத்தப்பம்.

மருந்து: 8, 12, 4, 8.

விரல்: நான் காட்டியது மூன்று. அவள் சொன்னது இரண்டு.